தோள் நகர்கிறதா? .308 ரைபிளுக்கான மூன்று வகை டம்மி தோட்டாக்களும் ஒரு கம்பேரேட்டரும்

பயிற்சிக்கான, மருந்தில்லாத டம்மி தோட்டா வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: தோட்டாவின் அடியைத் தட்டும் ஊசியான ஃபயரிங் பின்னுக்கு அது நல்ல மெத்தையாக இருக்குமா? ஸ்னாப் கேப் என்ற பெயரில் விற்கப்படும் அலுமினிய டம்மி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டம்மி, சுட்டு முடிந்த பித்தளை உறையிலிருந்து நானே செய்துகொண்ட டம்மி ஆகிய மூன்றையும் ஒரே .308 வின்செஸ்டர் போல்ட் ரைபிளில் (பின்புறக் கதவான போல்ட்டைக் கையால் திறந்து மூடும் வகை) ஒரு பயிற்சிப் பருவம் முழுவதும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினேன். மெத்தையைப் பற்றிய கேள்வி இரண்டாம் இடத்துக்கு உரியது என்பதே இப்போது என் எண்ணம். டம்மியின் தோள், அதாவது உடல் கழுத்தாக ஒடுங்கும் சரிவு, எந்த இடத்தில் இருக்கிறது, பல நூறு அடிகளை வாங்கிய பிறகும் அது அதே இடத்தில் நிற்குமா என்பதையே முதலில் கேட்க வேண்டும். இந்த மதிப்புரையில் மூன்று டம்மிகளையும் அந்த அளவில்தான் எடைபோடுகிறேன். தோளின் இடத்தை அளப்பதற்கு நான் பயன்படுத்திய கருவியான கம்பேரேட்டரைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் அது இல்லாமல் இந்தப் பொருளைப் பற்றிப் பேசுவது வெறும் ஊகமாகத்தான் இருக்கும்.

டிரை ஃபயர் எனப்படும் வெற்றுச்சுடுதல், அதாவது உண்மையான தோட்டா இல்லாமல் டிரிகரை இழுத்துப் பழகுவது, ரைபிளின் ஹெட்ஸ்பேஸைக் கெடுத்துவிடும் என்று ஒருவர் எச்சரித்ததே இந்த ஒப்பீட்டுக்குக் காரணம். அந்த எச்சரிக்கையில் இரண்டு வெவ்வேறு அளவுகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. பூட்டிய போல்ட்டின் முகப்பிலிருந்து, தோட்டா மேலும் முன்னே போகாதபடி, அது அமரும் அறையான சேம்பர் அதைத் தடுத்து நிறுத்தும் இடம் வரையுள்ள தூரமே ரைபிளின் ஹெட்ஸ்பேஸ். .308 போல விளிம்பு துருத்தாமல், கழுத்து ஒடுங்கிய தோட்டாக்களில் அந்தத் தடுப்பு வேலையைச் செய்வது உறையின் தோள். தோள் சரிவானது என்பதால் அதில் எந்த இடத்தைக் கணக்கில் கொள்வது என்ற குழப்பம் வரும், அதைத் தவிர்க்க,.308-இன் தோளில் குறுக்களவு 0.400 அங்குலமாக இருக்கும் வட்டத்தை அளவெல்லையாக வைத்திருக்கிறார்கள். 1926-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கத் தர அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ.யின் வரைபடப்படி, சேம்பரில் இந்தத் தூரம் 1.630 முதல் 1.640 அங்குலம் வரை இருக்கலாம். தோட்டாவில் அடிப்பாகத்திலிருந்து அதே வட்டம் வரை 1.627 முதல் 1.634 அங்குலம் வரை இருக்கலாம். முன்னது எஃகின் அளவு, பின்னது பித்தளையின் அளவு. வெற்றுச்சுடுதல் எதைத் தொடுகிறது என்பதே கேள்வி.

எஃகைத் தொடுவதில்லை என்று தயக்கமின்றிச் சொல்லலாம். ஒரு போல்ட் ரைபிளின் ஃபயரிங் பின் ஸ்பிரிங் சுமார் 10 கிலோ அழுத்தத்தோடு பின்னை 6 மில்லிமீட்டர் தூரம் தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டால், அடியின் ஆற்றல் அரை ஜூலுக்குச் சற்று மேலே வரும். 100 கிராம் எடையை அரை மீட்டர் உயரத்திலிருந்து மேசைமீது போடுவதற்கு ஏறத்தாழ ஒப்பானது அது. அதே ரைபிளில் உண்மையான தோட்டா வெடிக்கும்போது சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை அழுத்தம் அனுமதிக்கப்படுகிறது. போல்ட்டின் பூட்டுப் பற்கள் ஆயிரக்கணக்கான பவுண்டு விசையைத் தாங்கி நிற்கின்றன. வெளியேறும் குண்டின் ஆற்றல் மட்டுமே 3,500 ஜூலை ஒட்டி இருக்கும். இத்தனையையும் ஆயிரக்கணக்கான முறை தாங்கும் எஃகு, மேசைமீது விழும் அந்தச் சிறு எடைக்கு இடம்பெயராது. மேலும் சேம்பர் காலியாக இருக்கும்போது பின் எதன்மீதும் மோதுவதில்லை. தன் உடலிலுள்ள படி போல்ட்டுக்குள் தட்டும் இடத்தில் அது நின்றுவிடுகிறது. நாளடைவில் அந்தப் படியும் பின்னின் முனையும் தேயலாம், சில பழைய வடிவமைப்புகளில் முனை உடைவதும் உண்டு, ஆனால் அது ஹெட்ஸ்பேஸைச் சேர்ந்த கேடு அல்ல.

சேம்பருக்குள் ஏதாவது ஒன்று இருக்கும்போது கதை மாறுகிறது. பின் முன்னே பாய்ந்து உறையின் அடியில் மோதும்போது, உறை முதலில் தனக்கு முன்னாலிருக்கும் சிறு இடைவெளியைக் கடந்து, தோள் சேம்பரில் முட்டும்வரை நகர்கிறது. பிறகுதான் உறையின் அடியிலிருக்கும் தீமூட்டியான பிரைமரை ஃபயரிங் பின் நசுக்குகிறது. அப்படியானால் பிரைமரை நசுக்கும் விசை முழுவதையும் அந்தக் கணத்தில் தாங்கிக்கொண்டிருப்பது மெல்லிய தோள்தான். புதிய உறைகளில் கழுத்தும் தோளும் வெடித்துவிடாமலிருக்க வேண்டுமென்றே சூடுகாட்டி இளக்கப்பட்டவை என்பதால், அங்கே பித்தளை இன்னும் எளிதாக உள்வாங்கும். உண்மையான தோட்டாவில் இது யாருக்கும் தெரிவதில்லை. அடுத்த நொடியின் மிகச்சிறு பகுதியிலேயே வெடிமருந்தின் அழுத்தம் உறையை ஊதிப் பெருக்கி, தோளை மறுபடியும் சேம்பரின் வடிவத்துக்கே கொண்டுவந்துவிடுகிறது. வெற்றுச்சுடுதலில் அந்த ஊதல் நிகழ்வதில்லை. அடி விழுகிறது, தோள் உள்வாங்குகிறது, உள்வாங்கியது அப்படியே இருந்துவிடுகிறது.

நானே செய்த பித்தளை டம்மியில் இதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. முதல் உறையில் சுடப்பட்ட பிரைமரை எடுக்காமல் அப்படியே விட்டுவைத்தேன். இரண்டாவதில் அதை நீக்கிவிட்டு, குழியை மென்மையான சிலிக்கோனால் அடைத்தேன். இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து வந்தவை, உறையை அழுத்தி வடிவமாக்கும் ஒரே டையில் அளவுக்குக் கொண்டுவரப்பட்டவை. முதல் உறையின் தோள் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஓரிரண்டு பங்கு பின்வாங்கியது. ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவான இந்த மாற்றமும் தொடக்கத்து அடிகளிலேயே நிகழ்ந்துவிட்டது, பிறகு அளவுகருவியான காலிப்பரின் கடைசி இலக்கம் அசையவில்லை. யோசித்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்க வேண்டும்: பிரைமரில் ஏற்கெனவே ஒரு குழிவு இருக்கிறது, அது கொஞ்சம் ஆழப்பட்டு, உறையும் கொஞ்சம் முன்னே போனதும், பின் தன் உள்தடுப்பிலேயே நின்றுவிடுகிறது, அதன்பின் தோளுக்கு வந்துசேரும் அடி மிகக் குறைவு. இந்தத் தேய்வு தனக்குத் தானே ஒரு வரம்பை வைத்துக்கொள்கிறது. சிலிக்கோன் அடைத்த உறையில் அளவிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஃபயரிங் பின் அந்த மென்மையான அடைப்புக்குள் இறங்கி நின்றுவிட்டதால் அதைப் பொறுத்தவரை சேம்பர் காலியாக இருந்ததற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதாவது தோளும் அடி வாங்கவில்லை, பின்னுக்கும் மெத்தை கிடைக்கவில்லை.

இந்தச் சிறு அளவுக்காக ஏன் இத்தனை கவலை என்று கேட்கலாம். தோட்டாவை மறுபடியும் நிரப்பிச் சுடுகிறவர்கள், போல்ட் ரைபிளுக்கான உறையின் தோளை ஒவ்வொரு முறையும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு மட்டுமே பின்தள்ள முயல்கிறார்கள். டையை நுணுக்கமாகத் திருகித் திருகிப் பெறும் அந்தச் சிறு இடைவெளி முழுவதையும், பயிற்சிக்காகச் சேம்பரில் வைத்து அடித்த ஓர் உறை யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டுவிடுகிறது. அதே உறையைப் பின்னர் முழு மருந்தோடு நிரப்பிச் சுட்டால், முன்பகுதி சேம்பர்ச் சுவரைப் பற்றிக்கொள்ள, அடிப்பகுதி போல்ட்டை நோக்கி இழுபடும். அப்படித் திரும்பத் திரும்ப இழுபடும் உறை அடிக்குச் சற்று மேலே உட்புறமாக மெலிந்து, வெளியே பளபளப்பான வளையம் ஒன்றைக் காட்டி, கடைசியில் இரண்டாகப் பிரியவும் கூடும். ஆயிரத்தில் ஓரிரண்டு பங்குக்கு இவ்வளவும் நடந்துவிடாது என்பது உண்மை. ஆனாலும் வெற்றுச்சுடுதலுக்குப் பயன்படுத்திய பித்தளையைப் பிறகு நிரப்பும் உறைகளோடு சேர்ப்பதில்லை என்ற வழக்கத்தை நான் கடைப்பிடிக்கிறேன்; அதன் பக்கவாட்டில் துளையிட்டு வைப்பதால், உண்மையான தோட்டாவோடு அது குழம்பிவிடும் அபாயமும் கூடவே தீர்ந்துவிடுகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மருந்தும் குண்டும் இல்லாமல் உயிருள்ள பிரைமரை மட்டும் பொருத்தி அடிப்பதைச் சிலர் வெற்றுச்சுடுதல் என்றே அழைக்கிறார்கள். அது முற்றிலும் வேறு செயல். பிரைமரின் வெடிப்பு உறையை முன்னே தள்ளுகிறது, பிரைமரைப் பின்னே தள்ளுகிறது. உறையின் அடியைப் போல்ட்டோடு சேர்த்து அழுத்தப் போதிய அழுத்தம் எழாததால், தோள் உள்ளேபோன நிலையிலும் பிரைமர் வெளியே துருத்திய நிலையிலும் அவை நின்றுவிடுகின்றன. மெழுகுக் குண்டு சுடுகிறவர்கள் பிரைமர்க் குழியின் தீத்துளையைப் பெரிதாக்கிக்கொள்வது இதனால்தான். அப்படித் துளை பெரிதான உறையை முழு மருந்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதால் தனியே அடையாளமிட்டும் வைக்கிறார்கள்.

இனி கடைப் பொருள்களுக்கு வருகிறேன். அலுமினிய டம்மியே மூன்றிலும் சிறந்தது, ஆனால் விளம்பரம் சொல்லும் காரணத்துக்காக அல்ல. அதன் அடியில் ஸ்பிரிங்கின்மேல் அமர்ந்த ஒரு பித்தளைக் குமிழ் இருக்கிறது. பின் அதைத் தட்டும்போது ஸ்பிரிங் அமுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. மெத்தை என்பது அடியை மறையச் செய்வதில்லை, அதைச் சற்று நீண்ட நேரத்துக்குப் பரப்புகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். உச்ச விசை குறைகிறது, ஆனால் டம்மி முன்னே தள்ளப்படுவதும் தோள் சேம்பரில் அழுந்துவதும் நிற்பதில்லை. இந்த டம்மியின் தோளில் சாயம் போய் வெள்ளி நிறத்தில் ஒரு மெல்லிய வளையம் தெரியத் தொடங்கியது அதற்குச் சான்று. எனினும் தோளின் இடம் அளவில் மாறவில்லை; சுவர் தடித்த, திண்மமான அலுமினியம் மெல்லிய பித்தளைத் தோளைப் போல மடிவதில்லை. உறையை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் பற்றும் விளிம்பு மட்டும் சற்றுக் கிழிபட்டிருக்கிறது. அலுமினியம் எஃகைவிட மிக மென்மையானது என்பதால் ரைபிளின் பக்கம் எந்தத் தடயமும் இல்லை.

இந்த டம்மிமீது எனக்கிருக்கும் ஒரே குறை, பெட்டியிலிருந்த இரண்டும் ஒரே நீளமாக இல்லை என்பதுதான். ஒன்றை வைத்துப் போல்ட்டை மூடும்போது கைப்பிடி தன் எடையிலேயே இறங்குகிறது. மற்றொன்றில் கடைசிப் பகுதியில் விரலால் அழுத்த வேண்டியிருக்கிறது. கம்பேரேட்டரில் வைத்துப் பார்த்தபோது, அழுத்தம் கேட்டதன் தோள், சேம்பரின் குறைந்தபட்ச நீளத்தைச் சோதிக்கும் என் ‘கோ’ கேஜைவிட நீளமாக இருந்தது. நீளமான டம்மியோடு ஒரு மாலையில் நூறு முறை போல்ட்டை மூடித் திறந்தால், பூட்டுப் பற்களின் பின்முகம் ஒவ்வொரு முறையும் சுமையோடு உரசுகிறது. கிரீஸ் இல்லாவிட்டால் அங்கே உரசல் காயம் ஏற்பட இடமுண்டு. ஹெட்ஸ்பேஸுக்கு வெற்றுச்சுடுதலால் ஏதேனும் கேடு வருமென்றால் அது பின்னின் அடியால் வராது; பொருந்தாத டம்மியை வைத்துக்கொண்டு போல்ட்டைப் பலவந்தமாக மூடும் நம் கையால்தான் வரும். குட்டையான டம்மியில் சிக்கல் வேறு: போல்ட்டின் முகப்பில் உறையை வெளியே எறிவதற்கான, ஸ்பிரிங் வைத்த எஜெக்டர் இருக்கும் ரைபிள்களில் அது முன்னே தள்ளப்பட்டுப் பின்னின் எல்லைக்கு அப்பால் போய்விடும், அப்போது மெத்தை இருந்தும் பயனில்லை, மௌசர் வகையில் எக்ஸ்ட்ராக்டர் நகம் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தால், ஒவ்வொரு அடியிலும் அந்த நகத்தின்மீது இழுவை விழும்.

பிளாஸ்டிக் டம்மியைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. விலை குறைவு, எடையும் குறைவு, மேகசினிலிருந்து சேம்பருக்கு ஏற்றிப் பழகுவதற்குப் போதுமானது, உள்ளே மருந்தில்லை என்பது பார்த்த உடனே தெரிகிறது. ஆனால் அதன் விளிம்பை எக்ஸ்ட்ராக்டர் சில நாட்களிலேயே கடித்துத் துப்பிவிட்டது. அந்தத் துகள்கள் சேம்பருக்குள் விழுகின்றன. ஒரு நாள் போல்ட் வழக்கத்தைவிட இறுக்கமாக மூடியது. விளக்கடித்துப் பார்த்தபோது, சேம்பரின் தோளில் நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் யாராவது கேஜை வைத்துப் பார்த்திருந்தால், ரைபிளின் ஹெட்ஸ்பேஸ் குறைந்துவிட்டது என்றே முடிவு கட்டியிருப்பார்கள். மேலும் அதன் தோள் தொடக்கத்திலிருந்தே அளவுக்குக் குட்டை, அடிக்குமிழும் மிக விரைவில் உள்ளே இறங்கிவிட்டது. பழகுநருக்கு ஏற்றல் இறக்கல் காட்டிக்கொடுக்க வாங்கலாம், டிரிகர் பயிற்சிக்கு வாங்க வேண்டாம்.

இப்போது கம்பேரேட்டர். டிஜிட்டல் காலிப்பரின் ஒரு தாடையில் திருகிப் பொருத்தும் ஒரு பிடியும், வெவ்வேறு துளையளவு கொண்ட சில வளையங்களும் (புஷிங்குகளும்) சேர்ந்த தொகுப்பு இது. .308-க்கு 0.400 அங்குலத் துளை கொண்ட புஷிங்கைப் பொருத்தினால், அது தோளில் அளவெல்லை வட்டத்தின்மீதே சென்று அமர்கிறது, மறுதாடை உறையின் அடியைத் தொடுகிறது. காட்டும் எண்ணை நேரடியாக வரைபட அளவோடு ஒப்பிடக் கூடாது. புஷிங்கின் துளை ஓரம் சற்றே மழுங்கலாக இருப்பதால் ஒவ்வொரு தொகுப்பும் தனக்கென ஒரு பிசகோடுதான் வருகிறது. என் வழக்கம், முதலில் 1.630 அங்குல ‘கோ’ கேஜை அதில் வைத்துக் காலிப்பரைப் பூஜ்யமாக்கிவிட்டு, பிறகு உறைகளையும் டம்மிகளையும் அதிலிருந்து எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று மட்டும் குறித்துக்கொள்வது. சுடப்பட்ட பிரைமரை நீக்காமல் அளந்தால், பின் ஏற்படுத்திய குழிவைச் சுற்றி எழும்பிய விளிம்பு அளவைக் கூட்டிக் காட்டும். நானும் தொடக்கத்தில் இந்தத் தவற்றைச் செய்து, தோள் முன்னோக்கி வளர்ந்துவிட்டதாக ஒரு நாள் முழுவதும் நம்பிக்கொண்டிருந்தேன். மேலே சொன்ன முதல் உறையின் அளவுகள் அதன்பின், பிரைமர் அடியைத் தொடாதபடி நடுவில் குழிந்த ஒரு சிறு தாங்கியின்மேல் வைத்து எடுக்கப்பட்டவை. உறையைத் திருப்பித் திருப்பி மூன்று நான்கு முறை அளக்கும்போது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் அரைப் பங்கு முன்பின்னாக வருவது இயல்பு. அதைவிட நுண்மையான முடிவை இந்தக் கருவியிடம் எதிர்பார்க்கக் கூடாது.

எத்தனை துல்லியமான டம்மியாக இருந்தாலும் கேஜுக்கு அது மாற்றாகாது. ரைபிளையே சோதிக்க வேண்டுமென்றால், சேம்பரைச் சுத்தம் செய்து, போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின், எக்ஸ்ட்ராக்டர், எஜெக்டர் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, 1.630 ‘கோ’ கேஜில் போல்ட் மூட வேண்டும், 1.634 ‘நோ-கோ’ கேஜில் மூடக் கூடாது. ஏற்கெனவே பயன்பாட்டிலிருக்கும் ரைபிளில் 1.638 ‘ஃபீல்டு’ கேஜில் மூடினால் துப்பாக்கிப் பழுது வல்லுநரிடம் காட்டியே ஆக வேண்டும். எல்லாமே விரல் நுனி அழுத்தத்தில் செய்ய வேண்டியவை. பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் என் ரைபிளை இப்படிச் சோதித்தேன். இரண்டு முறையும் ‘கோ’வில் மூடியது, ‘நோ-கோ’வில் மூடவில்லை.

.308-க்குச் சொன்னவை எல்லாத் தோட்டாவுக்கும் பொருந்தாது. .303 பிரிட்டிஷ் போன்ற விளிம்புள்ள தோட்டாவில் ஹெட்ஸ்பேஸ் என்பது அந்த விளிம்பின் தடிப்புக்கான இடம். அடியைத் தாங்குவது திண்மமான பித்தளை விளிம்பு என்பதால் தோள் பின்வாங்கும் பேச்சே எழுவதில்லை. .22 ரிம்ஃபயரிலும் விளிம்புதான் அளவு, ஆனால் அங்கே பின் அடிப்பதும் அதே விளிம்பை. உறை இல்லாமல் அடித்தால் சில ரைபிள்களில் பின்னின் முனை சேம்பரின் ஓரத்தையே தட்டிப் பிசிறெழுப்பிவிடும், பிறகு தோட்டா முழுமையாக உட்காராது. சுட்டு முடிந்த .22 உறையை வைத்து அடிப்பவர்கள் ஒவ்வொரு அடிக்கும் அதைச் சற்றுத் திருப்பி வைப்பது நல்லது. ஒரே இடத்தில் விழும் அடிகள் விளிம்பைக் காகிதமாக்கிவிடும்.

வாங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை, ஸ்பிரிங் குமிழ் வைத்த அலுமினிய டம்மி இரண்டு, அதோடு ஒரு கம்பேரேட்டர். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் டம்மியை வாங்கி, போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின்னைக் கழற்றிவிட்டு, கைப்பிடி அழுத்தமின்றி இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். இறங்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என் பெட்டியிலிருந்த நீளமான டம்மியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அதன் அடியில் நிரந்தர மையால் ஒரு குறுக்குக்கோடு போட்டு, மேகசினை நிரப்பிப் பார்ப்பதற்கு மட்டும் வைத்திருக்கிறேன். போல்ட்டை அதன்மேல் மூடுவதில்லை.